அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தைக் கடைசி உறுப்பிலிருந்து வாசிக்கும் முறை

1787-ஆம் ஆண்டு எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்புச் சட்டம் நான்கு தோல் தாள்களில் அடங்கிவிட்டது. கையொப்பங்களையும் சேர்த்து எண்ணினால் சுமார் 4,500 சொற்கள் வரும்; பிற்காலத்தில் சேர்ந்த 27 திருத்தங்களையும் கூட்டினால் ஏறத்தாழ 7,500 சொற்கள். ஒரே மாலையில் முடித்துவிடக்கூடிய இந்த ஆவணத்தை ஆர்வத்தோடு கையில் எடுத்து, முதல் உறுப்பின் பாதியிலேயே மூடி வைத்தவர்கள் பலர் இருப்பார்கள். முதல்முறை நானும் அவர்களில் ஒருவனாகவே இருந்தேன். முகவுரை கம்பீரமாக ஒலிக்கிறது. அடுத்த பக்கத்திலேயே எந்த மாநிலத்துக்கு எத்தனை உறுப்பினர்கள், எத்தனை வயதானவர் எந்த அவையில் அமரலாம், கூட்டத்தை எத்தனை நாள் தள்ளிவைக்கலாம் என்ற கணக்குகள் வந்து வழியை மறிக்கின்றன.

இந்தச் சலிப்புக்குக் காரணம் ஆவணத்தில் இல்லை, நாம் அதை எடுத்துக்கொள்ளும் விதத்தில் இருக்கிறது. அரசியல் தத்துவ நூல் ஒன்றை எதிர்பார்த்து வருகிறோம். கிடைப்பதோ பங்காளிகள் கூடிப் பேரம் பேசி எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரம். அத்தகைய பத்திரத்தில் 'கிணறு பொது, தெற்கு வாசல் வழியே யாரும் போகலாம்' என்று ஒரு வரி இருந்தால், அந்தக் கிணற்றுக்காகவும் வாசலுக்காகவும் முன்பு ஒரு சண்டை நடந்திருக்கிறது என்று அறிந்தவருக்குத்தான் அந்த வரி பேசும். அமெரிக்கச் சட்டத்தின் ஒவ்வொரு வரியையும் அவ்வாறே அணுக வேண்டும். அதன் அடிப்படைக் கொள்கைகளை அது எங்கும் பிரகடனம் செய்யவில்லை. யார் எதைச் செய்யலாம், அவரை யார் தடுக்கலாம் என்ற ஏற்பாட்டுக்குள் அவற்றைப் பொதித்து வைத்திருக்கிறது. அவற்றை வெளியே எடுப்பதற்கு எனக்குப் பயன்பட்ட முறையை இங்கே விவரிக்கிறேன்.

தேவையானவை

மூன்று ஆவணங்கள் வேண்டும். 1776-ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனம் ஒன்று. 1777 நவம்பரில் மாநிலங்களின் பிரதிநிதிகள் அவையான காங்கிரஸ் ஏற்று, 1781 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்து, அரசமைப்புச் சட்டத்துக்கு முன் மாநிலங்களை இணைத்திருந்த கூட்டமைப்பு உடன்படிக்கை இரண்டாவது. பெரும்பாலோர் தொடாமல் விட்டுவிடும் இதுதான் உண்மையில் திறவுகோல். மூன்றாவது, திருத்தங்களோடு கூடிய அரசமைப்புச் சட்டம். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் மூன்றையும் இலவசமாக வாசிக்கலாம். திருத்தங்களால் செயலிழந்த வரிகளை அடைப்புக்குறியிலோ சாய்வெழுத்திலோ காட்டும் பதிப்பாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அந்தக் குறிகளை நீங்களே இட வேண்டியிருக்கும்.

இரண்டு நிறப் பென்சில்களை வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரம் வழங்கும் வரிகளுக்கு ஒரு நிறம். தடுக்கும் அல்லது விலக்கும் வரிகளுக்கு மற்றொரு நிறம். வாசித்து முடிக்கும்போது பக்கங்களில் இரண்டு நிறங்களும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன என்பதைக் கண்ணாலேயே காண்பீர்கள்.

முதலில் ஏழாம் உறுப்பு

சட்டத்தில் ஏழு உறுப்புகள் உள்ளன. ஏழாவதிலிருந்து தொடங்குங்கள். அது ஒரே வாக்கியம்: ஒன்பது மாநிலங்களின் மாநாடுகள் ஒப்புதல் அளித்தால், ஒப்புதல் அளித்த மாநிலங்களுக்கிடையே இந்தச் சட்டத்தை நிறுவுவதற்கு அதுவே போதுமானது. சாதாரண நடைமுறை விதிபோலத் தோன்றும் இந்த வாக்கியத்தில்தான் ஆவணத்தின் மிகப் பெரிய துணிச்சல் ஒளிந்திருக்கிறது.

அதை உணர, கூட்டமைப்பு உடன்படிக்கையின் பதின்மூன்றாம் உறுப்பைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடன்படிக்கையில் எந்த மாற்றம் செய்வதானாலும் காங்கிரஸ் சம்மதிக்க வேண்டும், அதன்பின் எல்லா மாநிலச் சட்டமன்றங்களும் உறுதி செய்ய வேண்டும் என்று அது கூறுகிறது. அன்று இருந்தவை பதின்மூன்று மாநிலங்கள். 1787 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் ஒரு மாநாடு நடத்தக் காங்கிரஸ் இசைவளித்ததும் அந்த உடன்படிக்கையைத் திருத்துவது என்ற ஒரே நோக்கத்துக்குத்தான். பிலடெல்பியாவில் கூடியவர்கள் உடன்படிக்கையைத் திருத்தவில்லை. அதைக் கைவிட்டுப் புதியதை எழுதினார்கள். பதின்மூன்றை ஒன்பதாகக் குறைத்ததோடு, முடிவைச் சட்டமன்றங்களிடமிருந்து எடுத்து, இதற்கென்றே மக்கள் தேர்ந்தெடுக்கும் மாநாடுகளிடம் ஒப்படைத்தார்கள்.

அந்தக் கடைசி மாற்றத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். சட்டமன்றம் இயற்றியதை நாளை அதே சட்டமன்றம் நீக்கிவிடலாம். மக்கள் தனியே ஒரு மாநாட்டைத் தேர்ந்து அதன் வழியாக ஏற்ற ஒன்று, சட்டமன்றத்துக்கும் மேலே நிற்கும். இந்த வழியை அவர்கள் வெறுங்கையிலிருந்து உருவாக்கவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலம் தனது 1780-ஆம் ஆண்டு அரசமைப்பைத் தனி மாநாட்டில் எழுதி, ஊர்க் கூட்டங்களின் ஒப்புதலுக்கு அனுப்பி நிறைவேற்றியிருந்தது. அது இன்றும் நடைமுறையில் உள்ளது. மக்களே இறுதி அதிகாரம் என்ற கொள்கையை நடைமுறை விதியாக வேண்டுமானால் ஏழாம் உறுப்பில்தான் தேட வேண்டும்.

இப்போது முகவுரையின் முதல் சொற்களுக்குத் தாவுங்கள். ஆகஸ்ட் மாத வரைவில் 'மக்களாகிய நாம்' என்பதை அடுத்துப் பதின்மூன்று மாநிலங்களின் பெயர்களும் வரிசையாக இருந்தன. செப்டம்பரில் மொழிநடைக் குழுவின் சார்பில் கவர்னர் மோரிஸ் (கவர்னர் என்பது அவருடைய பெயர்தான், பதவியல்ல) இறுதி வடிவம் எழுதியபோது பெயர்கள் போய், 'அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மக்களாகிய நாம்' என்று ஆயிற்று. எந்த ஒன்பது மாநிலங்கள் ஏற்கும் என்று தெரியாத நிலையில் பட்டியல் போடுவது பொருந்தாது என்பது இதற்கான எளிய விளக்கம். ஆனால் விளைவு எளியதாக இல்லை. 'மாநிலங்களாகிய நாம்' என்று சொல்லாமல் 'மக்களாகிய நாம்' என்று சொல்ல இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று வர்ஜீனியாவின் ஒப்புதல் மாநாட்டில், சட்டத்தை எதிர்த்த பாட்ரிக் ஹென்றி எழுந்து கேட்டார்.

ஒப்புதல் நடந்த வரலாற்றையும் இங்கேயே பார்த்துவிடலாம். 1787 டிசம்பர் 7 அன்று டெலவேர் முதலாவதாக ஏற்றது. மாசசூசெட்ஸில் ஆதரவு வாக்குகள் 187-க்கு எதிர்ப்பு 168. ஒன்பதாவதாக நியூ ஹாம்ப்ஷயர் 1788 ஜூன் 21 அன்று வந்தது. வர்ஜீனியாவில் 89-க்கு 79. நியூயார்க்கில் 30-க்கு 27. 1789 ஏப்ரல் 30 அன்று வாஷிங்டன் அதிபராகப் பதவியேற்றபோது வட கரோலினாவும் ரோட் தீவும் இன்னும் வெளியேதான் இருந்தன. ரோட் தீவு 1790 மே மாதத்தில் 34-க்கு 32 என்ற கணக்கில் நுழைந்தது. இந்த எண்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். 'அமெரிக்க மக்கள் ஒருமனதாக ஏற்ற சட்டம்' என்ற எண்ணம் தலைதூக்கும்போது அவை உதவும்.

பழைய உடன்படிக்கையை நோயாளியின் குறிப்பாக வாசித்தல்

அடுத்து, கூட்டமைப்பு உடன்படிக்கையை முழுவதும் வாசியுங்கள். அதன் நடை கரடுமுரடானது, வேகமாகவே போகலாம். ஒரே கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்: பணம் எங்கிருந்து வருகிறது? காங்கிரஸால் வரி விதிக்க முடியாது. மாநிலங்களிடம் தொகை கேட்டு அனுப்பலாம். கொடுக்காத மாநிலத்தை எதுவும் செய்ய முடியாது. விடுதலைப் போருக்காக வாங்கிய கடன் தலைக்கு மேல் நின்றபோது, இறக்குமதிப் பொருள்மீது ஐந்து சதவீதத் தீர்வை விதிக்கவாவது காங்கிரஸுக்கு அதிகாரம் தரலாம் என்ற யோசனை 1781-இல் வந்தது. ரோட் தீவு என்ற ஒரே மாநிலம் மறுத்ததால் அது விழுந்தது. 1783-இல் மீண்டும் முயன்றபோது நியூயார்க்கின் நிபந்தனைகளால் அதுவும் விழுந்தது.

தனி நிர்வாகத் தலைவர் இல்லை, நாடு முழுமைக்குமான நீதிமன்ற அமைப்பு இல்லை, மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் இல்லை. 1786 செப்டம்பரில் வணிகச் சிக்கலைப் பேச அன்னாபோலிஸில் கூட்டிய கூட்டத்துக்கு ஐந்து மாநிலங்களிலிருந்து பன்னிரண்டு பேர் மட்டுமே வந்தனர். அலெக்சாண்டர் ஹாமில்டன் எழுதிய அறிக்கையோடு, பிலடெல்பியாவில் மீண்டும் கூடுவோம் என்று சொல்லிக் கலைந்தனர். அதே இலையுதிர் காலத்தில் மேற்கு மாசசூசெட்ஸில் கடனிலும் வரியிலும் சிக்கிய விவசாயிகள், விடுதலைப் போரில் போரிட்ட டேனியல் ஷேஸ் முதலானோர் தலைமையில் நீதிமன்றங்களை முற்றுகையிட்டார்கள். உதவ காங்கிரஸிடம் படையும் இல்லை, பணமும் இல்லை.

இந்தக் குறைகளைப் பட்டியலிட்ட பிறகு, அரசமைப்புச் சட்டத்தின் முதல் உறுப்பு எட்டாம் பிரிவுக்கு வாருங்கள். என்னை முதல்முறை தூங்க வைத்த அதே பிரிவு. வரி விதிக்கலாம், கடன் வாங்கலாம், மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தலாம், படை திரட்டலாம் என்று நீளும் அதன் பதினெட்டு உட்பிரிவுகளில் பல, நீங்கள் இப்போதுதான் எழுதிய பட்டியலுக்கு வரி வரியாகச் சொல்லப்பட்ட பதில்கள். பத்தாம் பிரிவில் மாநிலங்கள் செய்யக் கூடாதவை வரிசையாக வருகின்றன: தனியே உடன்பாடு செய்துகொள்ளல், நாணயம் அடித்தல், காகிதப் பணம் வெளியிடுதல், செய்துகொண்ட ஒப்பந்தங்களின் கடப்பாட்டைக் குலைக்கும் சட்டம் இயற்றுதல். ஷேஸ் கலகத்தின் நிழல் கடைசி இரண்டிலும் படிந்திருப்பதைக் காண்பீர்கள்.

பிரகடனத்தின் குற்றச்சாட்டுகளைச் சட்டத்தோடு பொருத்துதல்

உடன்படிக்கை அவர்களுக்குக் கற்பித்தது வலுவற்ற அரசின் ஆபத்தை. அதற்குப் பத்தாண்டு முன்பு கற்ற பாடம் நேர் எதிரானது: காக்க வேண்டிய வேலியே பயிரை மேய்ந்தால் என்ன ஆகும் என்பது. இந்த இரண்டு அச்சங்களும் ஒரே தாளில் அருகருகே எழுதப்பட்டிருப்பதுதான் அமெரிக்கச் சட்டத்தின் தனித்தன்மை என்று நான் கருதுகிறேன்.

இரண்டாவது அச்சத்தைக் கண்டறிய, சுதந்திரப் பிரகடனத்தின் புகழ்பெற்ற இரண்டாம் பத்தியைத் தாண்டி, யாரும் மேற்கோள் காட்டாத நடுப்பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே பிரிட்டனின் மூன்றாம் ஜார்ஜ் மன்னர்மீது குற்றச்சாட்டுகள் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றையும் எடுத்து, சட்டத்தில் அதற்கு விடை எங்கே என்று தேடுங்கள். முழுமையாகச் செய்ய ஒரு மாலை முழுவதும் ஆகும். இந்த முறையில் இதைவிடப் பலன் தரும் பயிற்சி இல்லை.

சிலவற்றைக் காட்டுகிறேன். மன்னர் பிரதிநிதி அவைகளைத் திரும்பத் திரும்பக் கலைத்தார் என்பது ஒரு குற்றச்சாட்டு. சட்டத்தில், காங்கிரஸ் ஆண்டுக்கு ஒருமுறையாவது கூடியே ஆக வேண்டும்; அதைக் கலைக்கும் அதிகாரம் அதிபருக்கு எங்கும் தரப்படவில்லை. நீதிபதிகளின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் தன் விருப்பத்துக்குக் கட்டுப்படுத்தினார் என்பது இன்னொன்று. மூன்றாம் உறுப்பு, நன்னடத்தை உள்ளவரை நீதிபதிகள் பதவியில் நீடிப்பர் என்றும் பதவியில் இருக்கும்போது அவர்களுடைய ஊதியத்தைக் குறைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அமைதிக் காலத்தில் சட்டமன்றங்களின் சம்மதமின்றி நிலைப்படையை நிறுத்தி வைத்தார் என்ற குற்றச்சாட்டுக்கு விடை இன்னும் நுட்பமானது. தரைப்படைக்கான பண ஒதுக்கீடு எதுவும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் செல்லாது என்று எட்டாம் பிரிவு விதிக்கிறது. காங்கிரஸின் இரு அவைகளில் ஒன்றான பிரதிநிதிகள் அவையின் ஆயுளும் அதே இரண்டு ஆண்டுகள். ஆக, படைக்குச் செலவிட இசைந்தவர்கள் அடுத்த ஒதுக்கீட்டுக்கு முன் வாக்காளரைச் சந்தித்தே தீர வேண்டும்.

ஓர் அதிகாரத்தின் பாதையை வரைதல்

'அதிகாரப் பிரிவினை' என்ற சொல் ஓரளவு வழி தவற வைக்கிறது. மூன்று கிளைகள், மூன்று தனி அறைகள், இடையே சுவர் என்ற படம் மனத்தில் பதிந்துவிடுகிறது. சட்டத்தில் இருப்பது வேறு: அறைகள் மூன்று, ஆனால் ஒவ்வொரு அறையின் சாவியும் அடுத்த அறையில் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள, ஒரே ஓர் அதிகாரத்தை எடுத்து அதன் பாதையைத் தாளில் வரைந்து பாருங்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரைப் பெயர் குறிப்பிட்டு முன்மொழிபவர் அதிபர். காங்கிரஸின் மற்றோர் அவையான செனட்டின் இசைவு இல்லாமல் நியமனம் நிறைவேறாது. நீதிமன்றத்தில் எத்தனை நீதிபதிகள் என்பதை அரசமைப்புச் சட்டம் சொல்லவேயில்லை. அது காங்கிரஸ் இயற்றும் சட்டத்தால் தீர்மானமாகிறது, 1789-இல் ஆறு, 1869 முதல் ஒன்பது. நியமனம் ஆன பிறகு அவரை நீக்க அதிபரால் முடியாது. பிரதிநிதிகள் அவை குற்றம் சாட்டி, செனட் விசாரித்து, மூன்றில் இரண்டு பங்கினர் குற்றவாளி என வாக்களித்தால் மட்டுமே பதவி பறிபோகும். ஒரே நாற்காலியில் எத்தனை கைகள் இருக்கின்றன என்பதைப் பாருங்கள். சட்ட முன்வரைவு ஒன்றின் பாதையையும், போர் ஒன்றின் பாதையையும் (அறிவிப்பது காங்கிரஸ், படை நடத்துவது அதிபர், அமைதி உடன்படிக்கைக்குச் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு) இதே போல நீங்களே வரையுங்கள்.

செனட்டைப் பற்றி ஒரு சொல். மக்கள்தொகை எவ்வளவு இருந்தாலும் மாநிலத்துக்கு இருவர் என்ற ஏற்பாடு கொள்கையிலிருந்து பிறந்ததல்ல. மாநாடு உடைந்துவிடாமல் இருக்கக் கொடுத்த விலை அது. வர்ஜீனியாவின் திட்டம் இரு அவைகளிலும் மக்கள்தொகையையோ வரிப்பங்கையோ அடிப்படையாகக் கொண்ட பிரதிநிதித்துவத்தைக் கேட்டது. ஜூன் 15 அன்று வில்லியம் பேட்டர்சன் கொண்டுவந்த நியூ ஜெர்சி திட்டம், ஒரே அவை, மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற பழைய வழக்கத்தில் நின்றது. ஜூலை 16 அன்று சமரசம் நிறைவேறியது: ஐந்து மாநிலங்கள் ஆதரவு, நான்கு எதிர்ப்பு, மாசசூசெட்ஸ் குழு இரண்டாகப் பிளந்ததால் அதன் வாக்கு யாருக்கும் இல்லை. ஐந்தாம் உறுப்பின் கடைசி வரியைப் பார்த்தால், செனட்டில் ஒரு மாநிலத்துக்குள்ள சம வாக்கை அந்த மாநிலத்தின் சம்மதமின்றிப் பறிக்கக் கூடாது என்ற பூட்டும் போட்டிருப்பது தெரியும்.

சொல்லாமல் சொன்ன மூன்று இடங்கள்

1787-ஆம் ஆண்டு வாசகத்தில் 'அடிமை' என்ற சொல்லையோ 'அடிமைமுறை' என்ற சொல்லையோ தேடுங்கள், கிடைக்காது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். முதல் உறுப்பு இரண்டாம் பிரிவில் சுதந்திர மனிதர்களின் எண்ணிக்கையோடு 'மற்ற எல்லா மனிதர்களிலும் ஐந்தில் மூன்று பங்கு' கூட்டப்படுகிறது. ஒன்பதாம் பிரிவில், இப்போதுள்ள மாநிலங்கள் 'அனுமதிக்கத் தக்கவர்கள் என்று கருதும் மனிதர்கள்' வந்திறங்குவதை 1808-க்கு முன் காங்கிரஸ் தடை செய்யக் கூடாது, தலைக்குப் பத்து டாலர் வரை தீர்வை மட்டும் விதிக்கலாம் என்று வருகிறது. நான்காம் உறுப்பில், 'சேவைக்கோ உழைப்புக்கோ கட்டுப்பட்ட மனிதர்' வேறு மாநிலத்துக்குத் தப்பி ஓடினால் திருப்பி ஒப்படைக்கப்பட வேண்டும்.

ஐந்தில் மூன்று என்பதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அடிமைகளை முழுமையாக எண்ண வேண்டும் என்று பிரதிநிதித்துவக் கணக்கில் வாதிட்டவர்கள் அவர்களை உடைமையாக வைத்திருந்த தென் மாநிலத்தவர்களே. வாக்குரிமையற்ற அந்த மனிதர்களின் எண்ணிக்கை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு இடங்கள் அவர்களுடைய எசமானர்களின் மாநிலங்களுக்குக் கிடைக்கும். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவின் அளவும் இதே கணக்கைப் பின்தொடர்ந்தது. மனிதரில் சொத்துரிமை இருக்க முடியும் என்ற எண்ணத்தைச் சட்டத்துக்குள் அனுமதிப்பது தவறு என்று வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் மாநாட்டில் பேசியதாக அவருடைய குறிப்புகளிலேயே உள்ளது. அவரும் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர். 'அடிமைமுறை' என்ற சொல் சட்டத்தில் முதன்முதலாக இடம்பெற்றது 1865-இல், அதை ஒழித்த பதின்மூன்றாம் திருத்தத்தில்.

மௌனங்களைக் குறித்துக்கொள்ளுதல்

இரண்டாம், மூன்றாம் உறுப்புகளை வாசிக்கும்போது, இருப்பதைவிட இல்லாதவற்றைக் குறித்துக்கொள்வது பயனுள்ளது. அரசியல் கட்சி, அமைச்சரவை ஆகிய சொற்கள் இல்லை. ஒரு சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் அறிவிக்கலாம் என்ற வரியும் இல்லை. ஆறாம் உறுப்பு இந்தச் சட்டத்தை நாட்டின் தலையாய சட்டம் என்கிறது. மூன்றாம் உறுப்பு நீதி வழங்கும் அதிகாரத்தை நீதிமன்றங்களுக்குத் தருகிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டவர் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், 1803-இல், மார்பரி எதிர் மேடிசன் வழக்கில். பதவிக்காலம் முடியும் தறுவாயில் அதிபர் ஜான் ஆடம்ஸ் கையெழுத்திட்ட நியமனப் பத்திரம் வில்லியம் மார்பரியின் கைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் வழக்கு. அதை உரிய நேரத்தில் அனுப்பத் தவறிய வெளியுறவுச் செயலர் வேறு யாருமல்லர், தீர்ப்பு எழுதிய மார்ஷலேதான்.

அதிபர் நியமித்த அதிகாரியை அதிபர் தனியே நீக்கலாமா என்பதிலும் சட்டம் மௌனம் காக்கிறது. 1789 கோடையில் முதல் காங்கிரஸ் இதைப் பல நாட்கள் விவாதித்தது. இன்றளவும் வழக்குகள் வருகின்றன. முதல் உறுப்பு 'இங்கே வழங்கப்பட்ட சட்டமியற்றும் அதிகாரங்கள்' என்று தொடங்குகிறது; இரண்டாம் உறுப்போ 'வழங்கப்பட்ட' என்ற வரையறை இல்லாமல் 'நிர்வாக அதிகாரம்' அதிபரிடம் இருக்கும் என்கிறது. அந்த ஒரு சொல்லின் வேறுபாட்டை இரண்டு நிறப் பென்சில்களாலும் வட்டமிடுங்கள்.

எதிர்த்தவர்களை முதலில் வாசித்தல்

சட்டத்துக்கு உரை தேடுவோர் நேராக 85 பெடரலிஸ்ட் கட்டுரைகளுக்குச் செல்வது வழக்கம். ஹாமில்டனும் மேடிசனும் ஜான் ஜேயும் சட்டத்தை ஆதரித்து ஒரே புனைபெயரில் எழுதிய அவற்றில் 10, 51, 78 ஆகிய மூன்று எண்களோடு தொடங்கினால் போதும் என்பது என் கருத்து. ஆனால் அவற்றுக்கும் முன்னால், எதிர்த்தவர்களில் ஒருவரையாவது வாசித்துவிடுங்கள். மாநாட்டில் கலந்துகொண்ட 55 பேரில் கையொப்பமிட்டவர்கள் 39 பேர். கடைசி நாள்வரை இருந்தும் மறுத்தவர்கள் மூவர், ஜார்ஜ் மேசன், எட்மண்ட் ராண்டால்ஃப், எல்பிரிட்ஜ் கெர்ரி. மேசன் தமது ஆட்சேபங்களை வரைவு அச்சிட்ட தாளின் வெற்றுப் பக்கத்திலேயே எழுதினார். சில பத்திகள் மட்டுமே கொண்ட அந்தக் குறிப்பின் முதல் வரி, உரிமை அறிக்கை எதுவும் இல்லை என்பது. அத்தகைய அறிக்கையைத் தயாரிக்கலாம் என்ற யோசனை செப்டம்பர் 12 அன்று மாநாட்டில் வந்தபோது ஒரு மாநிலக் குழுகூட ஆதரிக்கவில்லை.

ஆனால் ஒப்புதல் மாநாடுகளில் இந்த ஆட்சேபம் வென்றது. திருத்தங்கள் வேண்டும் என்ற பரிந்துரையோடுதான் மாசசூசெட்ஸும் வர்ஜீனியாவும் நியூயார்க்கும் இசைந்தன. 1789 ஜூன் 8 அன்று திருத்தங்களை முன்மொழிந்தவர், அவை தேவையில்லை என்று முன்பு கருதிய மேடிசன்தான். புதிய வரிகளை மூல வாசகத்துக்குள்ளேயே பின்னிவிட அவர் விரும்பினார்; மூலத்தைத் தொடாமல் கடைசியில் தனியே சேர்க்க வேண்டும் என்று ரோஜர் ஷெர்மன் பிடிவாதமாக நின்று வென்றார். இன்று ஒரு வாசகர் 1787-ஐயும் 1791-ஐயும் 1868-ஐயும் மண்ணடுக்குகள்போலத் தனித்தனியே காண முடிவதற்கு ஷெர்மனுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

திருத்தங்களை வாசிக்கும்போது பத்தாவதில் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். ஐக்கிய அரசுக்கு, அதாவது மத்திய அரசுக்கு, வழங்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்கிறது அது. பழைய உடன்படிக்கையின் இரண்டாம் உறுப்பு இதையே 'வெளிப்படையாக வழங்கப்படாத' என்று சொல்லியிருந்தது. 'வெளிப்படையாக' என்பதைச் சேர்க்கும் முயற்சி 1789-இல் நடந்து தோற்றது. 1819-இல் மெக்கல்லக் எதிர் மேரிலாந்து வழக்கில், வங்கி நிறுவலாம் என்று சட்டத்தில் எங்கும் எழுதப்படாதபோதும் காங்கிரஸ் வங்கி நிறுவலாம் என மார்ஷல் தீர்ப்பளித்தபோது, இந்த விடுபட்ட சொல்லைச் சுட்டிக்காட்டினார்.

உரிமைகள் சாசனம் எனப்படும் முதல் பத்துத் திருத்தங்கள் கட்டுப்படுத்தியது ஐக்கிய அரசை மட்டுமே, மாநிலங்களை அல்ல என்று 1833-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் மற்றவற்றை ஓட்டமாக வாசித்தாலும் 1868-ஆம் ஆண்டின் பதினான்காம் திருத்தத்தில் மட்டும் நிதானம் வேண்டும். மனிதர்கள் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776-இன் பிரகடனம் சொன்னதற்கு நெருக்கமான ஒரு வாக்கியம், உள்நாட்டுப் போரும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டும் கழிந்த பிறகு, 'சட்டத்தின் சமமான பாதுகாப்பு' என்ற வடிவில் அங்கேதான் முதலில் நுழைகிறது. மாநிலங்களை நோக்கி 'எந்த மாநிலமும்' என்று தொடங்கும் அந்த வாக்கியமே, உரிமைகள் சாசனத்தின் பெரும்பகுதியை இருபதாம் நூற்றாண்டில் மாநிலங்கள்மீதும் செலுத்துவதற்கு வழி திறந்தது.

கடைசியாக ஐந்தாம் உறுப்புக்குத் திரும்பி, திருத்தும் முறையை இருபத்தேழாம் திருத்தத்தோடு சேர்த்து வாசியுங்கள். காங்கிரஸின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் முன்மொழிந்து, நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் ஏற்றால் திருத்தம் நிறைவேறும். இன்றைய கணக்கில் 38 மாநிலங்கள். எத்தனை ஆண்டுகளுக்குள் ஏற்க வேண்டும் என்று அந்த உறுப்பு சொல்லவில்லை. 1789 செப்டம்பரில் காங்கிரஸ் அனுப்பியவை பன்னிரண்டு திருத்தங்கள். 1791 டிசம்பர் 15 வரை நிறைவேறியவை பத்து. உறுப்பினர்கள் தங்களுக்கே ஊதிய உயர்வு கொடுத்துக்கொண்டாலும் இடையில் ஒரு தேர்தல் நடந்த பிறகே அது அமலாகும் என்ற விடுபட்ட திருத்தத்தை, 1982-இல் டெக்சாஸ் மாணவர் ஒருவர் வகுப்புக் கட்டுரைக்காகத் தேடும்போது கண்டெடுத்து, மாநிலச் சட்டமன்றங்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். 1992-இல் அது சட்டமாயிற்று. பன்னிரண்டில் மீதமுள்ள ஒன்று, பிரதிநிதிகள் அவையின் அளவைப் பற்றியது, இன்றும் மாநிலங்கள் முன் நிலுவையில் இருக்கிறது.